மனதில் முதலில் வரும் பெயர்

கருத்துக் கேட்க வருகிறவர்களை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவைக்க வேண்டும் என்பது என் கருத்து. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டது வேறு.

இரண்டாயிரத்து ஏழாம் வருசம் ஆவணி மாதம். மூன்று நாளாக மேகம் இறங்கி, எதிர்வீடு தெரியாமல் கிடந்தது. அந்த மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை எங்கள் காலனிக்கு வந்தாள். கழுத்தில் அட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கட்டம் போட்ட காகிதம். பெயர் பாண்டிச்செல்வி. கன்னிவாடிப் பக்கத்துப் பிள்ளை. கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு, நாள் சம்பளத்துக்குக் கருத்துக் கேட்கிற வேலை பார்த்தாள்.

எங்கள் காலனியில் நாற்பத்தொரு வீடு. எல்லாரும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். மரம் வெட்டுவதற்காக இந்த மலையில் கொண்டுவந்து விட்டார்கள். மரம் தீர்ந்தது. இப்போது காரட்டுக்கும் பூண்டுக்கும் கூலிக்குப் போகிறோம். எங்களுக்குப் பாம்பு பயம் கிடையாது. காட்டுமாட்டைக் கண்டால் ஒதுங்கிப் போவோம், அவ்வளவுதான். கட்டம் போட்ட காகிதம் என்றால் பயம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் அப்படி ஒரு காகிதம் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தது. இந்தியாவா, சிலோனா, ஏதாவது ஒன்றைச் சொல் என்றார்கள். அதுவும் கருத்துக் கேட்கிற மாதிரிதான் இருந்தது. சொன்னோம். மூன்று வருசம் கழித்துக் கப்பல் வந்தது. அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை ஆனார்கள்.

அதனால் பாண்டிச்செல்வி காகிதத்தை விரித்ததுமே, அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் எல்லாரும் பின்பக்கமாகச் சோலைக்காட்டுக்குள் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் உலையைக்கூட இறக்கி வைக்கவில்லை. என் சம்சாரம் வேலம்மா மட்டும் போகவில்லை. அவளுக்கு முழங்கால் வலி. அமெரிக்காவின் அரசியலே அந்த முழங்காலில் தொங்கியது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

"எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க?" என்று நான் முதலிலேயே கேட்டுவிட்டேன்.

"யாரையும் எங்கயும் அனுப்பலை தாத்தா. அமெரிக்காவுல அடுத்த வருசம் ஜனாதிபதி தேர்தல். அதுக்கு முன்னாடி, வேட்பாளர் யாருன்னு கட்சிக்குள்ள ஒரு தேர்தல் வைப்பாங்க. அதுக்கும் முன்னாடி, மக்கள் மனசுல யாரு இருக்காங்கன்னு ஒரு கணிப்பு. அதுதான் இது."

"யாரு மனசுல?"

"அமெரிக்கா மக்கள் மனசுல."

"அதுக்கு ஏன் தாயி இங்க வந்த?"

"அங்க போன் பண்ணிக் கேட்டா, பட்டுன்னு வெச்சிடுறாங்களாம்."

எனக்கு அமெரிக்க மக்கள் மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது.

"சரி, யாரு யாரு நிக்கிறாங்க?"

"அதைச் சொல்லக் கூடாது தாத்தா. பேரைச் சொல்லிட்டுக் கேட்டா பதில்ல சாய்வு வந்துரும்."

"வீடே சாஞ்சுதான் கெடக்கு. நீ கேளு."

அவள் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். "கேள்வி ஒன்று. யோசிக்காமல் சொல்லவும். உங்கள் மனதில் முதலில் வரும் பெயர் எது?" படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மூணு எண்ணுவேன். அதுக்குள்ள சொல்லிடணும்."

"சொல்ல முடியாது" என்றேன்.

தொண்ணூற்றெட்டு என்று எழுதினாள்.

"அதுக்கும் நம்பர் இருக்கா?"

"எல்லாத்துக்கும் இருக்கு தாத்தா. இப்ப நீங்க வெளிய போங்க. பாட்டிகிட்டக் கேக்கணும். ஆம்பளைங்க பக்கத்துல இருந்தா அதுவும் சாய்வு."

வேலம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எழுபதில் அந்தக் காகிதம் வந்தபோது, குடும்பத் தலைவன் ஒருவன் கைநாட்டு வைத்தால் போதும் என்றார்கள். நான் மூன்று பேருக்கும் சேர்த்து இந்தியா என்று வைத்தேன். மூன்றாவது ஆள் எங்கள் பையன். அப்போது அவனுக்கு இரண்டு வயது. வேலம்மாவை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அப்புறம் பையன் நாலு வயதில் காய்ச்சல் கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். தோட்டத்துப் பத்தாம் நம்பர் மலையில், தேயிலைக்கும் ஓடைக்கும் நடுவில் புதைத்தோம். அடுத்த வருசம் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. அவனை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள். குடும்பத் தலைவன் சொன்னால் சொன்னதுதான் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். நானும் அதையே சொன்னேன்.

தலைமன்னாரில் கப்பல் நகர்ந்தபோது, அவள் கரையைப் பார்த்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அழவில்லை. விளையாடப் போன பிள்ளையைச் சோறு தின்னக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். கப்பலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. இனி அந்தப் பெயர் உன் வாயில் வரக் கூடாது என்றேன்.

வரவில்லை. அதோடு அவளுடைய வேறு கருத்துகளும் நின்றுபோயின. இதை வாங்கவா அதை வாங்கவா என்று கேட்டால், உங்க இஷ்டம் என்பாள். முப்பத்துநாலு வருசமாக அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அப்புறம் எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. நான் பொய் சொல்ல மாட்டேன், அவள் வாயைத் திறக்காதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

இப்போது இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அந்த மனதுக்குள் கையை விடுகிறாள்.

நான் வாசலில் மேகத்துக்குள் நின்றேன். உள்ளே "ஒண்ணு" என்பது கேட்டது. "ரெண்" என்பது கேட்டது. அதற்கு மேல் எண்ணவில்லை.

பாண்டிச்செல்வி போன பிறகு, "என்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"ரகசியமுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் வேலம்மா.

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்டதான்."

அன்றைக்கு அவள் இரண்டாம் தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் பாதியிலேயே எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் வெள்ளனே பஸ் பிடித்து நாயுடுபுரம் போனேன். சாக்லேட் கடைக்கு மேல் மாடியில் அந்த ஆபீஸ். 'மக்கள் மனப்போக்கு மதிப்பீட்டு மையம்' என்று பெரிய பலகை. அதன் கீழே, 'உங்கள் கருத்தே எங்கள் மூச்சு.' படியேறினதில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

மேனேஜர் பெயர் ஜெயச்சந்திரன். கழுத்தில் டை, தலையில் குரங்குக் குல்லா. என் சம்சாரம் சொன்ன பதில் எனக்குத் தெரிய வேண்டும் என்றேன்.

"பெரியவரே, ரகசியம்ங்கிறது எங்க தொழிலுக்கு உயிர். உங்க சம்சாரம் என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியவே கூடாது. அமெரிக்காவுக்கு மட்டும்தான் தெரியணும்."

"அவ அமெரிக்காவப் பத்தி என்னங்கய்யா சொல்லியிருப்பா? அவ திண்டுக்கல்லையே ஒரு தடவைதான் பாத்திருக்கா."

"அங்கதான் நம்ம மலையோட பெருமை இருக்கு." அவர் எழுந்து சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். "அங்க மொதல்ல ஓட்டுப் போடுற மாநிலங்கள்ல ஒண்ணு நியூ ஹாம்ப்ஷயர். அங்கயும் குளிரு, இங்கயும் குளிரு. அங்கயும் மலை, இங்கயும் மலை. பழைய சர்ச்சு அங்கயும் இருக்கு, இங்கயும் இருக்கு. சீசன்ல டூரிஸ்ட்டு, மத்த நாள்ல ஈ காக்கா கெடையாது. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தோம். நூத்துக்குத் தொண்ணூத்தொரு பொருத்தம்."

"கல்யாணத்துக்கே அவ்வளவு பாக்குறதில்லைங்க. மீதி ஒம்பது?"

"அவங்க வெள்ளைக்காரங்க. அது சின்ன வித்தியாசம்."

"அந்த ஊர்க்காரங்க மனசுல என்ன இருக்குன்னு அவங்களையே கேட்டா என்னங்கய்யா?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "கேட்டுப் பாத்தாங்க. பாதிப் பேர் கோவப்படுறாங்க, பாதிப் பேர் பொய் சொல்றாங்க. அவங்க கருத்தை அவங்ககிட்டயே போயிக் கேக்கிறது பழைய முறை பெரியவரே. செலவு ஜாஸ்தி. நம்பகமும் இல்லை."

நான் எழுந்திருக்கவில்லை. பதில் தெரியாமல் போக மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்று குரலைத் தாழ்த்தினார். "உங்க சம்சாரம் ரொம்ப முக்கியமான ஆள். அந்த மாநிலத்துல ஓட்டுப் போடுறவங்கள்ல நூத்துக்குப் பதினாலு பேர் அறுபது வயசு தாண்டின பொம்பளைங்க. இங்க எங்களுக்குச் சிக்கினது ஒரே ஒருத்தர். மத்தவங்க எல்லாம் காட்டுக்குள்ள போயிட்டாங்களாம். ஆக, அந்தப் பதினாலு சதவீதமும் உங்க சம்சாரம்தான்."

"அவ ஒரு ஆளுங்கய்யா. நாப்பது கிலோ இருந்தாப் பெருசு."

"நாங்க எடை கூட்டிட்டோம்."

"அவ ஏதாவது தப்பாச் சொல்லியிருந்தா?"

"கருத்துல தப்பே கெடையாது பெரியவரே. தப்பு இருந்தாக் கேள்வியிலதான் இருக்கணும். கேள்வி அமெரிக்காவுல இருந்து வருது, அதனால அதுலயும் இருக்காது." அவர் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். "வெள்ளிக்கெழமை அறிக்கை வெளியிடறோம். பெங்களூர்ல இருந்து நிபுணர் வர்றார். நீங்களும் வாங்க. டீ பிஸ்கட் உண்டு."

வீட்டுக்கு வந்து வேலம்மாவிடம் வெள்ளிக்கிழமை என்று சொன்னேன். "வெள்ளனே போயிருங்க. பின்னால உக்காந்தாக் காது கேக்காது" என்றாள். முப்பத்துநாலு வருசத்தில் அவள் எனக்கு இட்ட முதல் உத்தரவு அது.

நடுவில் மூன்று நாள் இருந்தது. மேகம் விலகவே இல்லை. பொழுது சாயும் நேரத்தில், காரட்டுப் பாத்திப் பக்கமிருந்து யாரோ பிள்ளையைச் சோறு தின்னக் கூப்பிடுகிற சத்தம் வந்தது. என்ன பெயர் என்று பிடிபடவில்லை. மேகம் சத்தத்தைக்கூட நனைத்துவிடும். குப்பம்மாள் பேரனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். குப்பம்மாளுக்குப் பேரன் கிடையாது என்பது, சோற்றில் கை வைத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வேலம்மா அப்போதுதான் பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். சேலை ஈரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு லாட்ஜின் சாப்பாட்டு அறையில் கூட்டம். முப்பது பேர் இருந்தோம். எங்கள் காலனி ஆட்கள் ஏழெட்டுப் பேர், மார்க்கெட் ஆட்கள், எங்கள் ஊர் பஸ் ஓட்டுகிற டிரைவர் நாச்சிமுத்து. பாண்டிச்செல்வி சுவரோரமாக நின்றாள். பெங்களூர் நிபுணர் பெயர் மனோஜ்குமார். கோட்டுப் போட்ட சின்ன வயதுக்காரர். திரையில் படம் காட்ட ஆரம்பித்ததும் கரண்டு போய்விட்டது. அதனால் எழுந்து நின்று சத்தமாகவே படித்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"மொத்தம் அறுபத்திரண்டு பேரிடம் கேட்டிருக்கிறோம். பெயர் எதையும் நாங்கள் சொல்லித் தரவில்லை. எல்லாம் மக்கள் மனதிலிருந்து தானாக வந்தவை" என்று ஆரம்பித்தார். "முதலிடம், திரு. முருகன். முப்பத்துநாலு சதவீதம்."

பின்னாலிருந்து ஒருவர் "அரோகரா" என்றார். கூடவே நாலு பேர் சொன்னார்கள். நிபுணர் அதைக் குறித்துக்கொண்டார்.

"தொண்டர்களிடம் நல்ல எழுச்சி இருக்கிறது. மலைப்பகுதியில் இவருக்கு அசைக்க முடியாத செல்வாக்கு. பலவீனம் என்று பார்த்தால், இவருக்கு இரண்டு மனைவிகள் என்று தெரிகிறது. அமெரிக்கக் குடும்பங்களிடம் இது எடுபடாது."

ஜெயச்சந்திரன் போய் அவர் காதில் ஏதோ சொன்னார். நிபுணர் கொஞ்சம் யோசித்தார். "இருக்கட்டும். பதிவானது பதிவானதுதான். மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை" என்று அடுத்த தாளுக்குப் போனார்.

"இரண்டாமிடம், திரு. நாச்சிமுத்து. இருபத்தொரு சதவீதம். இவருடைய ஆதரவு முழுக்கக் காலை எட்டரை மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் திரண்டிருக்கிறது. பெயருக்கு முன்னாலும் பின்னாலும் மக்கள் சேர்த்துச் சொன்ன சொற்களைச் சுத்தம் செய்து நீக்கிவிட்டோம்."

நாச்சிமுத்து எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டார்.

"இவரிடம் மக்களுக்கு ஒரே குறை. எதிலும் தாமதமாகத்தான் களத்துக்கு வருகிறார். மூன்றாமிடம், மகேந்திரன். பதினாலு சதவீதம்."

மகேந்திரன் எங்கள் பையன் பெயர்.

என் கையில் டீ இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று தெரியாது. காலனி ஆட்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அவர்களில் நாலு பேர் அந்தக் கப்பலில் எங்களோடு வந்தவர்கள்.

"இந்த மகேந்திரன்தான் இந்தக் கணிப்பின் ஆச்சரியம்" என்று நிபுணருக்குக் குரல் ஏறியது. "இவர் எந்த மேடையிலும் பேசியதில்லை. எந்த வாக்குறுதியும் கொடுத்ததில்லை. இவருக்கு எதிரி என்று ஒருவரும் இல்லை. பழைய கறை எதுவும் இல்லை. அறுபது வயது தாண்டிய பெண்களில் நூற்றுக்கு நூறு பேர் இவர் பக்கம் இருக்கிறார்கள். கவனியுங்கள், நூற்றுக்கு நூறு. முருகனுக்கே அப்படி அமையவில்லை. அந்தத் தாய்மார்கள் வேறொரு பெயரை யோசிக்கக்கூட இல்லை. இதை நாங்கள் மௌன அலை என்போம். வெளியே சத்தம் இருக்காது. உள்ளே இருந்துகொண்டே இருக்கும். என்றைக்கு வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது."

ரொம்பப் படித்தவர் என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது. படித்தவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. ஆனால் அதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

"ஒரே சிக்கல், இவரைப் பற்றி எங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. இங்கே யாருக்காவது மகேந்திரனைத் தெரியுமா?"

உட்கார்ந்தே இருந்திருக்கலாம். வேலம்மா முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தாள். அங்கே உட்கார்ந்துகொண்டு தெரியாதது போல இருக்க முடியவில்லை.

"தெரியும் சார். என் மகன்."

நிபுணர் என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்பாவா! இப்ப எங்க இருக்கார்?"

"பத்தாம் நம்பர் மலையில."

"எஸ்டேட்டா? ரொம்ப நல்லது."

"செத்துட்டான் சார். நாலு வயசுல. காய்ச்சல்."

ஜெயச்சந்திரன் கையிலிருந்த படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சார், இறந்தவர்னு ஒரு கட்டமே இல்லையே."

"விடுங்க" என்றார் நிபுணர். "பேரு இருக்கா? இருக்கு. ஆதரவு இருக்கா? இருக்கு. அது போதும். தகுதிக் கேள்விகளைப் போடுங்க. வயசு? முப்பத்தஞ்சு முடிஞ்சிருக்கணும். அது அவங்க சட்டம்."

அவனுக்கு வயது நாலோடு நின்றுவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்கு மேல் எண்ணியதே இல்லை. இப்போது இத்தனை பேர் நடுவில், விரலை மடக்கி எண்ணினேன். எட்டு வயதில் பள்ளிக்கூடம் போயிருப்பான். பதினெட்டில் என்னோடு மரம் வெட்ட வந்திருப்பான். இருபத்தைந்தில் என்னோடு சண்டை போட்டுவிட்டுத் திருப்பூர் போயிருப்பான். விரல் தீர்ந்துபோய் மறுபடியும் முதல் விரலுக்கு வந்தேன்.

"முப்பத்தெட்டுங்க."

"அருமை" என்று குறித்துக்கொண்டார். "பிறந்த ஊர்?"

"சிலோன். தோட்டம்."

பேனா நின்றது. நிபுணரும் மேனேஜரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடடா" என்றார் நிபுணர். "அந்த நாட்டுக்காரரா பிறந்திருந்தாத்தான் ஜனாதிபதிக்கு நிக்க முடியும். இந்த ஒரு விசயத்துல மட்டும் விட்டுக் குடுக்கவே மாட்டாங்க."

"மத்த ரெண்டு பேரும் அங்கயா பொறந்தாங்க?"

"அவங்களைப் பத்தி யாரும் தகவல் தரலையே" என்றார் ஜெயச்சந்திரன். "தகவல் வர்ற வரைக்கும் அவங்க தகுதியானவங்கதான். நீங்கதான் பெரியவரே, அவசரப்பட்டு உண்மையைச் சொல்லிட்டீங்க."

நாச்சிமுத்து வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வெளியே போனார். அவர் நேரத்துக்கு வண்டியை எடுத்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

ஜெயச்சந்திரன் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தாளில் மூன்றாவது வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். தலைமன்னாரில் ஒரு ஆபீசரும் அப்படித்தான் செய்தான். எங்கள் குடும்ப அட்டையில் மூன்று பெயர் இருந்தது. ஆள் இரண்டுதானே என்று எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்றாவதன் மேல் சிவப்பில் கோடு போட்டான். வேலம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் கப்பலில் ஏறிக் கரையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"வருத்தப்படாதீங்க" என்றார் ஜெயச்சந்திரன். "உங்க பையனோட பதினாலு சதவீதத்தை வீணாக்க மாட்டோம். முருகனுக்கும் நாச்சிமுத்துக்கும் பாதிப் பாதி பிரிச்சுக் குடுத்துருவோம். அதுதான் உலக நடைமுறை."

நான் வெளியே வந்தேன். பாண்டிச்செல்வி பின்னாலேயே வந்தாள். பூட்ஸைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தாத்தா, சத்தியமா எனக்குத் தெரியாது. ஏதோ கட்சிக்காரர் பேருன்னு நெனச்சேன். ரெண்டு எண்ணி முடிக்கிறதுக்குள்ள பாட்டி சொல்லிட்டாங்க. எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. படிச்சேன். இன்னொரு தடவைன்னாங்க. மூணு தடவை படிச்சேன்."

"மூணு தடவையா?"

"ஆமா தாத்தா. மூணாவது தடவை, கொஞ்சம் சத்தமாப் படின்னாங்க."

நாச்சிமுத்துவின் வண்டி அன்றைக்கு நேரத்துக்குப் போய்விட்டதால், நான் அடுத்த வண்டிக்கு நின்றேன். வீடு வந்து சேரும்போது மணி இரண்டு. மேகம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. வேலம்மா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. தண்ணி வேணுமா என்றும் கேட்கவில்லை.

"என்னா சொன்னாங்க?"

"மூணாவது எடம்" என்றேன்.

அவள் அதை நிதானமாக வாங்கிக்கொண்டாள். "முன்னால யாரு?"

"முருகன்."

"முருகனுக்குப் பின்னால நிக்கிறதுல ஒண்ணும் கொறை இல்லை. ரெண்டாவது?"

"நம்ம பஸ் டிரைவரு."

"அந்தாளா?" என்று முகத்தைச் சுளித்தாள். "அந்தாளுக்குப் பின்னாலயா நம்ம புள்ளை?"

நான் உள்ளே போகப் பார்த்தேன். அவள் என்னை விடவில்லை.

"அப்புறம் என்னா? மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"அடிச்சிட்டாங்க. கோடு போட்டு."

"என்னாத்துக்கு? செத்துப்போனதுக்கா?"

"இல்லை. அதுக்குக் கட்டம் இல்லையாம். பொறந்த ஊரு சரியில்லையாம்."

அவள் என்னையே பார்த்தாள். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சத்தம் போட்டு, பல் விழுந்த இடமெல்லாம் தெரியச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அவனுக்குமா?" என்றாள். "நம்மளத்தான் அங்க பொறந்தும் அந்த ஊர்க்காரன் இல்லைன்னானுங்க, இங்க வந்தா சிலோன்காரன்னானுங்க. அவனுக்குமா? நாலு வயசுப் புள்ளைக்குமா?"

சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நிறைய நேரம் துடைத்தாள். அப்புறம் திடீரென்று நிமிர்ந்தாள்.

"வயசு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. முப்பத்தெட்டுன்னு சொன்னேன்."

"முப்பத்தெட்டா?" அவள் குரல் மாறிவிட்டது. "முப்பத்தொம்பதுங்க. மாசியில முடிஞ்சிருச்சு. பத்துப் புள்ளையா பெத்து வச்சிருக்கீங்க, வயசு தெரியாமப் போறதுக்கு?"

"அடிச்ச பேருக்கு எந்த வயசு இருந்தா என்னா புள்ள?"

"அடிச்சாலும் அடியில எழுத்து தெரியுமுல்ல. ஒரு வயசைக் கொறைச்சு எழுதி வச்சிருந்தா, பாக்குறவங்க என்னா நெனப்பாங்க? போயி மாத்தச் சொல்லிட்டு வாங்க."

"நாளைக்குப் போறேன்."

"இப்பப் போங்க. வெரசாப் போனா மூணு மணி வண்டியப் புடிச்சிரலாம்."

காலில் செருப்பு அப்படியேதான் இருந்தது. கழற்ற விடவில்லை. அந்த ஆபீசில் என்னைப் பைத்தியக்காரன் என்பார்கள். அடித்த பெயருக்கு வயது மாற்ற அவர்களிடம் ஒரு கட்டமும் இருக்காது. இருந்தாலும் கிளம்பினேன். எனக்கு இப்போதெல்லாம் எதுவும் மனதில் நிற்பதில்லை. வழியில் மறந்துவிடக் கூடாது என்று, மகேந்திரன் முப்பத்தொன்பது, மகேந்திரன் முப்பத்தொன்பது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மலைப்பாதையில் இறங்கினேன்.